சந்தைக்கு அரசு வேண்டாம், பட்டாவுக்கு?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். அரசே கூடாது என்பவர் அரசின்மைவாதி. சந்தையில் அரசு கை வைக்கக் கூடாது என்பவர் தடையற்ற சந்தை முதலாளித்துவத்தை ஆதரிப்பவர். இரண்டு பேருக்கும் அரசு ஆகாது என்றால் இருவரும் ஒரே கட்சிதானே, அப்புறம் ஏன் ஒருவரை ஒருவர் கண்டாலே ஆவதில்லை என்பது முதல் கேள்வி. நம்ம திருநெல்வேலிச் சீமையில் அரசு இல்லாமல் சந்தையும் பாதுகாப்பும் நடந்த காலம் உண்டா என்பது இரண்டாவது. நாளைக்கே அரசு மறைந்தால் முதலாளி ராஜாவாகிவிடுவான் என்று ஒரு நண்பரும், முதலில் காணாமல் போவதே முதலாளிதான் என்று இன்னொரு நண்பரும் சொல்கிறார்களே, யார் சொல்வது சரி என்பது மூன்றாவது.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சண்டை அரசைப் பற்றியது போலத் தெரிந்தாலும் உண்மையில் அது உடைமையைப் பற்றியது. ஒரு நிலம் என்னுடையது என்று சொல்ல என்ன வேண்டும்? நான் அதில் இருக்க வேண்டுமா, உழ வேண்டுமா? எங்கோ இருந்துகொண்டு ஒரு பத்திரம் மட்டும் வைத்திருந்தால் போதுமா? இதற்கு என்ன பதில் சொல்கிறீர்களோ அதைப் பொறுத்து இரண்டு கொள்கைகளும் ஒட்டும் அல்லது ஒட்டாது. நான் எம்.ஏ. அரசியல் படித்துவிட்டுச் சட்டத்துக்குப் போனவன். பல வருஷமாகத் திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் பக்கத்து சிவில் கோர்ட்டுகளில் நிலத் தகராறும் வாய்க்கால் தகராறும்தான் என் பிழைப்பு. பொருளாதாரம் என் துறை இல்லை. அரசு போனால் வட்டி இறங்குமா, கூலி ஏறுமா என்கிற கணக்குகளில் என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் சந்தேகம் இல்லாத பகுதி. தன்னை அரசின்மைவாதி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட முதல் பெரிய சிந்தனையாளர் பிரான்ஸ் நாட்டின் புரூதோன். 1840-இல் எழுதிய நூலில் 'சொத்து என்பது திருட்டு' என்றார். அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு அவர் எல்லாவற்றையும் பொதுவாக்கச் சொன்னார் என்று நினைப்பவர்கள் அதிகம். அவர் அப்படிச் சொல்லவில்லை. உழுகிறவன் தன் நிலத்தை வைத்திருப்பது, தச்சன் தன் உளியை வைத்திருப்பது, குடியிருப்பவன் தன் வீட்டை வைத்திருப்பது எல்லாம் அவருக்குச் சம்மதம். அதற்கு அவர் அனுபவம், அதாவது கையில் வைத்துப் பயன்படுத்துவது, என்று பேர் வைத்தார். தான் உழாத நிலத்திலிருந்து, வேறொருவன் உழைப்பிலிருந்து, வாரமும் (விளைச்சலில் பங்கு) வட்டியும் வாங்கும் உரிமையைத்தான் திருட்டு என்றார். பின்னாலே வந்த ரஷ்யர்களான பக்கூனினும் குரோபோட்கினும் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். 1872-இல் ஹேக் மாநாட்டில், தொழிலாளர்களின் உலக அமைப்பான முதலாம் அகிலத்திலிருந்து பக்கூனினை நீக்கினார்களே, அங்கே மார்க்சுக்கும் அவருக்கும் முதலாளித்துவம் வேண்டுமா வேண்டாமா என்று சண்டை இல்லை. தொழிலாளர் கைக்கு அரசு அதிகாரம் வர வேண்டுமா, அது ஒழிய வேண்டுமா என்பதில்தான் சண்டை. நம்ம ஆள் ஒருவரும் இந்த வரிசையில் உண்டு. சென்னையில் 1887-இல் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியபோது கூட இருந்தவர். பிறகு அந்தப் பாதையை விட்டு அரசின்மைவாதியானார். அவருக்கு முதலாளியும் ஆகாது, மாஸ்கோவும் ஆகாது.

ஆக, பிறந்ததிலிருந்தே அரசின்மைவாதத்தின் பெரும்பகுதி முதலாளித்துவத்துக்கு எதிரானது. இது கருத்து இல்லை, வரலாறு. ஆனால் முதலாளித்துவத்துக்கு எதிர்ப்பு என்றால் சந்தைக்கும் எதிர்ப்பு என்று அர்த்தம் இல்லை. பேச்சு குழம்புவது இங்கேதான். அமெரிக்காவில் ஜோசையா வாரன் 1827-இல் சின்சினாட்டி நகரில் ஒரு கடை வைத்தார். சரக்கின் அடக்க விலையோடு, விற்பவர் அதற்குச் செலவிட்ட நேரத்தை மட்டும் சேர்த்து வாங்குவார். அந்த நேரத்துக்கு ஈடாக நீங்களும் உங்கள் உழைப்பு நேரத்தைத் தரலாம். லாபம் என்று தனியாக இல்லை, ஆனால் கடை கடைதான். 1881 முதல் 1908 வரை 'லிபர்ட்டி' என்ற பத்திரிகை நடத்திய பெஞ்சமின் டக்கர், போட்டியை முழுசாகத் திறந்துவிட்டால் முதலாளித்துவமே நிற்காது என்றார். பணம் வெளியிடும் உரிமை, நிலம், இறக்குமதி வரி, காப்புரிமை (பேட்டன்ட்) ஆகிய நான்கும் அரசு காவல் காக்கும் ஏகபோகங்கள். அந்தக் காவலை எடுத்துவிட்டால் வட்டியும் வாரமும் பெரு லாபமும் கரைந்துவிடும் என்பது அவர் கணக்கு. டக்கர் தன்னை சோஷலிஸ்ட் என்றுதான் சொல்லிக்கொண்டார். சந்தையை இவ்வளவு நம்பிய சோஷலிஸ்டை இன்றைக்குப் பார்ப்பது கஷ்டம்.

அரசின்மையையும் முதலாளித்துவத்தையும் சேர்த்துக் கேட்கும் பக்கத்துக்கும் வேர் உண்டு. பெல்ஜியத்தில் பிறந்த மொலினாரி என்ற பொருளாதாரவாதி 1849-இலேயே, ரொட்டிக்குப் போட்டி நல்லது என்றால் பாதுகாப்புக்கும் போட்டி நல்லதுதானே, போலீசை மட்டும் ஏன் ஒரே கம்பெனியிடம் விட வேண்டும் என்று கேட்டார். அவர் தன்னை அரசின்மைவாதி என்று சொல்லிக்கொண்டவர் இல்லை. நூறு வருஷம் கழித்து அமெரிக்காவில் மறே ராத்பார்ட் இந்தக் கேள்வியை எடுத்து, டக்கரிடமிருந்து அரசு எதிர்ப்பையும் பழைய தாராளவாதிகளிடமிருந்து முழுத் தனியுடைமையையும் சேர்த்து, அரசின்மை முதலாளித்துவம் என்ற ஒன்றைக் கட்டினார். சேர்க்கும்போது டக்கருடைய நிலக் கொள்கையையும் வட்டிக் கொள்கையையும் வெளியே விட்டுவிட்டார். மற்ற அரசின்மைவாதிகள் ராத்பார்ட்டைத் தங்கள் குடும்பத்தில் சேர்க்க மறுப்பது அதனால்தான். இன்றைக்கு இந்தப் பெயர் செய்தித்தாளில் அடிபடுவதற்குக் காரணம் 2023 டிசம்பரில் அர்ஜென்டினா அதிபரான ஹவியர் மிலே. தன்னை அரசின்மை முதலாளித்துவவாதி என்று சொல்லிக்கொண்டே ஓர் அரசுக்குத் தலைவராக இருக்கிறார். அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கொள்கைப் பேச்சை இதோடு நிறுத்திவிட்டு என் மேசைக்கு வருகிறேன். மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை சந்தை கூடும். ஆடும் மாடும் கை மாறும். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்தே விலை பேசி முடித்த காலத்திலிருந்து அங்கே ரசீது என்று ஒன்று பெரிதாக இருந்ததில்லை. தரகர் வாய்ச்சொல்தான் பத்திரம். சொன்ன சொல் மாறினால் அடுத்த வாரம் அவரிடம் யாரும் போக மாட்டார்கள். இத்தனை பணம் புரளும் இடத்திலிருந்து ஒரு வழக்குகூட என்னிடம் வந்ததில்லை. நிலத் தகராறு வராத வாரமோ என்னிடம் இல்லை. காரணம் மாட்டுத் தரகர் யோக்கியர், நிலக்காரர் அயோக்கியர் என்பதல்ல. மாட்டை வாங்கினவர் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார். அவர் உடைமையை அவரே பார்த்துக்கொள்கிறார். நிலம் வாங்கினவர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போகிறார். நிலம் இங்கேயே கிடக்கிறது. அவர் இல்லாத நேரத்தில் அது அவருடையதாக இருக்க வேண்டும் என்றால், யாரோ ஒருவர் அவருக்காக அதை மெனக்கெட்டு நடத்தித் தர வேண்டும்.

அந்த யாரோ ஒருவர்தான் அரசு. சொத்து வழக்கில் டிக்ரி, அதாவது தீர்ப்பாணை, வாங்குவது பாதி வேலைதான். அப்புறம் நிறைவேற்று மனு போட வேண்டும், கோர்ட் ஊழியரான அமீனா போக வேண்டும், எதிரி அரிவாளோடு நின்றால் போலீஸ் துணை கேட்டு இன்னொரு மனு போட வேண்டும். அந்த அமீனாவையும் போலீசையும் எடுத்துவிட்டால் என் கட்சிக்காரர் கையில் இருப்பது முத்திரைத்தாள் மட்டும்தான். (சந்தை நடக்கும் இடமும் மாநகராட்சியுடையது, நுழைவுக் கட்டணம் உண்டு என்பதை மறக்கவில்லை. ஆனால் விலை நிற்பது மாநகராட்சியால் அல்ல.)

நம்ம சட்டத்துக்குள்ளேயே புரூதோன் கொஞ்சம் ஒளிந்திருக்கிறார் என்று ஜூனியர்களிடம் சொல்வதுண்டு. 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, என் நிலத்தில் ஒருவர் என் உரிமையை மறுத்து வெளிப்படையாக, தொடர்ந்து 12 வருஷம் இருந்துவிட்டால், அதை மீட்க வழக்குப் போடும் உரிமை எனக்குப் போய்விடும். உரிமையே அழிந்துவிடும். எதிரிடை அனுபவம் என்போம். அரசு நிலமாக இருந்தால் 30 வருஷம். உச்ச நீதிமன்றமே 2008-இல் ஒரு தீர்ப்பில் இந்தச் சட்டம் நியாயத்துக்குப் பொருந்தவில்லை என்று கடிந்துகொண்டது. 2019-இல் இன்னொரு அமர்வு, அப்படி உரிமை முதிர்ந்தவர் தானே வாதியாகவும் வரலாம் என்றது. காகிதம் பெரிதா, இருப்பு பெரிதா என்பதில் உச்ச நீதிமன்றத்துக்கே மனம் ஒருபக்கம் நிற்கவில்லை. டக்கருக்கும் ராத்பார்ட்டுக்கும் இருக்கும் தூரத்தை இந்தச் சட்டத்தை வைத்தே அளக்கலாம். விட்டுப்போன நிலம் எவ்வளவு காலத்தில் கைவிட்டதாகும்? இருந்து பயன்படுத்தும்வரைதான் உன்னுடையது என்பார் டக்கர். நீயாக விற்கவோ கொடுக்கவோ கைவிடவோ செய்யாதவரை என்றென்றைக்கும் உன்னுடையது என்பார் ராத்பார்ட். சட்டம் நடுவில் 12 என்று ஒரு எண்ணைப் போட்டுவைத்திருக்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியம்: குத்தகைதாரர் எத்தனை வருஷம் உழுதாலும் அது எதிரிடை அனுபவம் ஆகாது, ஏனென்றால் அவர் அனுமதியோடு இருக்கிறார். புரூதோனுக்கு இது ஒத்துவராது. அதேசமயம் 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து அவரை நினைத்தபோது வெளியேற்ற முடியாமல் செய்ததும் இதே அரசுதான். அரசு எப்போதும் முதலாளியின் காவல்காரன் என்று சொல்பவர்களுக்கு இது கொஞ்சம் இடிக்கும்.

மலைத் தேயிலைத் தோட்டமான மாஞ்சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1929-இல் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன், சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து சுமார் 8,370 ஏக்கர் மலையை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. ஜமீனுக்கு அந்த மலை எப்படி வந்தது? திருவிதாங்கூர் மன்னருக்குச் செய்த உதவிக்குக் கிடைத்தது என்பது வழக்கு. மன்னருக்கு எப்படி வந்தது என்று கேட்டால் பதில் காட்டுக்குள் போய்விடும். அங்கே மலைவாழ் மக்களான காணிக்காரர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு ஜமீன் உரிமை அரசுக்கு வந்தது, குத்தகை மட்டும் தொடர்ந்தது. நான்கைந்து தலைமுறையாக அங்கே தேயிலை பறித்தவர்களுக்கு வீடுகூடச் சொந்தம் இல்லை. 1999 ஜூலை 23-ஆம் தேதி கூலி உயர்வு கேட்டும் சிறையில் இருந்தவர்களை விடச் சொல்லியும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாக வந்தவர்கள் மேல் தடியடி நடந்து, தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். 2024-இல் கம்பெனி தொழிலை முடித்துக்கொள்வதாகச் சொல்லி விருப்ப ஓய்வு கொடுத்தது.

இதில் எதற்குச் சந்தை என்று பேர்? தேயிலை ஏலத்தில் விற்றது சந்தை. ஆனால் அந்த மலை கம்பெனி கைக்கு வந்தது சந்தையால் அல்ல. ராஜா, ஜமீன், வெள்ளைக்காரர் சட்டம், அப்புறம் நம்ம சர்க்கார் என்று வரிசையாக அரசுகள் கை மாற்றிக் கை மாற்றித்தான் வந்தது. இதை ராத்பார்ட்டாலும் மறுக்க முடியாது. யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் முதலில் உழைப்பைக் கலந்தவனுக்கே அது சொந்தம், மன்னன் எழுதிக் கொடுத்த பட்டயம் செல்லாது என்பது அவரே சொன்னது. 1969-இல் எழுதிய ஒரு கட்டுரையில், அரசின் தயவில் வளர்ந்த கம்பெனிகளை அங்கே வேலை செய்பவர்களே எடுத்துக்கொள்வதுகூட நியாயம் என்கிற அளவுக்குப் போனார். அந்தக் கணக்கில் மாஞ்சோலை யாருக்கு? காணிக்காரருக்கா, தேயிலைச் செடி நட்டவருக்கா? நட்டவர் கூலிக்கு நட்டார், கலந்த உழைப்பு கூலி கொடுத்தவனுடையது என்று ராத்பார்ட் சொல்வார். கூலிக்கு ஒத்துக்கொண்டதே வேறு வழி இல்லாததால்தான், நிலத்தை முன்பே அடைத்துவிட்டதால்தான் அந்த நிலை என்று குரோபோட்கின் சொல்வார். இரண்டு பேரும் பத்திரத்தைச் செல்லாது என்று சேர்ந்து கிழிக்கிறார்கள். கிழித்த பிறகு யாருக்கு எழுதுவது என்பதில்தான் பிரிகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த இடத்தில் குரோபோட்கின் பக்கம் உண்மை அதிகம். இது என் சாய்வு, நிரூபணம் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். அரசு இல்லாத, அல்லது அரசு மெலிந்த காலத்தில் காசுக்குப் பாதுகாப்பு விற்ற முறை நம்ம சீமையில் இருந்தது. அதுதான் காவல். 18-ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபு ஒருபக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி ஒருபக்கம் இழுத்துக்கொண்டிருந்தபோது, பாளையக்காரர்கள் தங்கள் பாளையத்துக்கு வெளியே இருந்த ஊர்களிலும் திசைக்காவல் என்று வசூல் செய்தார்கள். ஊருக்குள் ஸ்தலக்காவல் தனி. அறுவடையில் இவ்வளவு நெல் என்று காவல்காரருக்குப் பங்கு. களவு போனால் அவர் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். ராத்பார்ட்டும் அதே கொள்கைக்காரரான டேவிட் ஃப்ரீட்மனும் வர்ணிக்கிற பாதுகாப்பு நிறுவனம் இதேதான்: சந்தா கட்டுங்கள், நஷ்டம் வந்தால் ஈடு தருகிறோம். 1973-இல் அவர்கள் காகிதத்தில் வரைந்ததை நம்ம ஊர்க் களத்துமேட்டில் நெல்லாக அளந்திருக்கிறார்கள்.

எப்படி நடந்தது? ஒருபக்கம் நன்றாகவே நடந்தது. காவல் உள்ள ஊரில் மாடு காணாமல் போனால் திரும்பி வரும். இன்னொரு பக்கம், காவல் வேண்டாம் என்று சொன்ன ஊரில்தான் மாடு அதிகம் காணாமல் போகும். துப்புக்கூலி கொடுத்தால் மாடு நிற்கும் இடம் தெரியவரும். துப்புச் சொல்பவருக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்பதில்லை. மொலினாரி நினைத்த போட்டி அங்கே நடக்கவில்லை. காவலுக்கு எல்லை உண்டு. இந்த ஊர் இன்னார் காவல், அந்த ஊர் இன்னார் காவல். பிடிக்கவில்லை என்றால் வேறு காவல்காரரை வைத்துக்கொள்ள முடியாது. வைத்தால் வெட்டுக்குத்து. 1974-இல் அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக், இப்படிப்பட்ட பாதுகாப்பு நிறுவனங்களில் ஒரு வட்டாரத்தில் ஒன்று மேலோங்கி, யாரும் திட்டமிடாமலே அது அரசாகிவிடும் என்று வாதிட்டார். பாளையக்காரரைப் பாருங்கள்: கோட்டை, படை, வசூல், பஞ்சாயத்து. இனி அரசு என்று சொல்ல என்ன பாக்கி? கடைசியில் அவரைவிடப் பெரிய நிறுவனம் ஒன்று வந்தது, அதன் பேரே கம்பெனி. 1799-இல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, 1801-இல் பாஞ்சாலங்குறிச்சியைத் தரைமட்டமாக்கி, திசைக்காவல் வசூலைத் தானே எடுத்துக்கொண்டது. ஊர்க்காவல் மட்டும் ரொம்பக் காலம் தொடர்ந்தது.

இதிலே ஒரு எச்சரிக்கை. காவலைப் பற்றி எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகள். அந்த வசூல் அவர்கள் வரிக்குப் போட்டி. ஆகவே எல்லாம் மிரட்டல் பணம்தான் என்று அவர்கள் எழுதியதை அப்படியே விழுங்கக் கூடாது. மேலும் ஒரு உதாரணத்தை வைத்துக் கொள்கை தோற்றது என்றும் சொல்ல முடியாது. ஐஸ்லாந்தில் 930 முதல் 1262 வரை மன்னர் இல்லை, நிர்வாகப் படை இல்லை. சட்டமும் நீதிமன்றமும் இருந்தன, தீர்ப்பை நிறைவேற்றுவது வென்றவர் பொறுப்பு, அந்த உரிமையை இன்னொருவருக்கு விற்கவும் செய்யலாம். மூன்று நூற்றாண்டு ஓடியது. ஃப்ரீட்மன் அதை வெற்றி என்பார். கடைசியில் ஐந்தாறு குடும்பங்களிடம் அதிகாரம் குவிந்து, உள்நாட்டுச் சண்டை முற்றி, நார்வே மன்னருக்கு அடங்கினார்கள் என்பதை எதிர்த்தரப்பு எடுத்துப்போடும். எவ்வளவு காலம் நீடித்தால் ஒரு முறை நிலைத்தது என்று சொல்லலாம்? நம்ம அரசியல் சட்டத்துக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை.

சந்தை ஆதரவாளர்கள் நம்ம பக்கத்திலிருந்து எடுத்துக்காட்ட வேண்டிய கதை வேறொன்று. 1906 அக்டோபரில் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கொழும்புப் பாதையில் அதுவரை தனிக்காட்டு ராஜாவாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இவர்கள் குறைக்க, அவர்கள் மேலும் குறைக்க, கடைசியில் சும்மா ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தார்கள் என்பதுவரை சொல்வார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை, பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. கம்பெனி கலைந்துபோனது. பார்த்தீர்களா, சந்தையை விட்டிருந்தால் அவர் நின்றிருப்பார், சர்க்கார்தான் நசுக்கியது என்று ஒருவர் சொல்லலாம். சர்க்கார் கை வைப்பதற்கு முன்பே பெரிய மூலதனம் சின்ன மூலதனத்தின் கழுத்தில் கட்டணத்தாலேயே கை வைத்துவிட்டது என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டும் நடந்தது. சர்க்கார் மட்டும் ஒதுங்கி நின்றிருந்தால் சுதேசிக் கம்பெனி பிழைத்திருக்குமா என்பது யாராலும் தீர்க்க முடியாத வழக்கு. அதே 1908-இல், கைதாவதற்குச் சில நாள் முன்பு, கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கும் தலைமை தாங்கியவர் வ.உ.சி. முதலாளி, தொழிலாளர் தலைவர், வக்கீல், ராஜத்துரோகி எல்லாம் ஒரே ஆள். கொள்கைப் பெட்டிகளுக்குள் அவரை அடைக்க முடியாது.

வக்கீலாக ஒரு குறுக்குப் பேச்சு. சுதேசிக் கம்பெனியானாலும் வெள்ளைக்காரக் கம்பெனியானாலும், வரையறுத்த பொறுப்பு உள்ள கம்பெனி என்பது சட்டம் உண்டாக்கிய பிறவி. கப்பல் கவிழ்ந்தால் பங்குதாரர் போட்ட 25 ரூபாயோடு அவர் பொறுப்பு முடிகிறது. கடன் கொடுத்தவரோடு இப்படி முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், அதற்கு அரசு வேண்டாம் என்பது ராத்பார்ட் தரப்பு, அது சரிதான். கப்பல் மோதிச் செத்த மீன்பிடிக்காரரோடு யார் ஒப்பந்தம் செய்தார்கள்? இதற்குத் திருப்தியான பதிலை அவர்கள் எழுத்தில் நான் பார்க்கவில்லை. பங்குச்சந்தையும் பெருநிறுவனமும் இன்றைய வடிவில் அரசு இல்லாமல் இருக்கும் என்று நான் நம்பவில்லை. காப்புரிமையும் அப்படியே, அதை ராத்பார்ட்டே வேண்டாம் என்றவர்.

அரசும் இல்லாமல் முதலாளியும் இல்லாமல் நடந்த காரியங்களும் ஆற்றங்கரையில் உண்டு. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. கட்டியது மன்னர்கள் என்றாலும், வருஷா வருஷம் வாய்க்காலைத் தூர் வாரியதும், மடை திறந்து மூடியதும், கார், பிசானம் இரண்டு போகத்துக்கும் முறை வைத்து நீர் பாய்ச்சியதும் ஊர்கள்தான். நீர் பாய்ச்சும் ஆளான நீர்பாய்ச்சிக்குக் கூலி, களத்தில் கதிர்க்கட்டு. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மராமத்து வேலை செய்வது குடிமராமத்து. உலகம் முழுக்க இப்படிப்பட்ட பொதுவளங்களை ஆராய்ந்துதான் எலினோர் ஆஸ்ட்ரம் 2009-இல் நோபல் பரிசு வாங்கினார். அரசுக்கும் தனியார் சந்தைக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று வேலை செய்கிறது என்று அவர் காட்டினார். அதுபோலவே நாடார் வணிகர்களின் உறவின்முறைகள் எனும் சாதிச் சங்கங்கள் மகமை என்று தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டு சரக்கு இறக்கி வைக்கும் பேட்டையும் பள்ளிக்கூடமும் நடத்தின. எந்தத் தாசில்தாரும் வசூலித்துத் தரவில்லை.

இதைப் படித்துவிட்டு மகிழ்ந்துபோக வேண்டாம். குடிமராமத்துக்கு வராதவரை என்ன செய்தார்கள்? மகமை கொடுக்காதவரை? அரசு இல்லாத இடத்தில் சாதியும் ஊர்விலக்கும்தான் அமீனா. வாய்க்காலில் இறங்கி மண் அள்ளியவர் பெரும்பாலும் அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்குச் சொந்தக்காரர் இல்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமக் குடியரசு பற்றிய பெருமையைக் கிழித்துப்போட்டதற்கு இதுதான் காரணம். இரண்டு கொள்கைகளுக்கும் இடையே ஆழமான பிளவு எனக்கு இங்கேதான் தெரிகிறது. ராத்பார்ட்டின் கணக்கில் அடிப்பதும் திருடுவதும் மிரட்டுவதும்தான் அத்துமீறல். ஊரே சேர்ந்து ஒரு குடும்பத்துக்குப் பாலும் அரிசியும் விற்காமல் நிறுத்தினால், அது ஒவ்வொருவருடைய உடைமை உரிமை. அநாகரிகம் என்று சொல்லலாமே தவிர குற்றம் ஆகாது. குரோபோட்கின் வழி வந்தவருக்கோ ஆளை ஆள் அடக்கும் எந்த ஏற்பாடும் அரசுக்குச் சமம். அது பண்ணையார் ஆனாலும் சரி, சாதிப் பஞ்சாயத்து ஆனாலும் சரி. அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதும்போது இந்த வித்தியாசம் நுணுக்கமான விவாதம். நாங்குநேரிப் பக்கம் இருந்து பார்த்தால் அதுவே எல்லாம்.

ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: அரசின்மைவாதமும் சந்தையும் ஒத்துப்போகும், வாரனும் டக்கரும் அதற்குச் சாட்சி. அரசின்மைவாதமும் முதலாளித்துவமும், அதாவது தான் இல்லாத இடத்திலும் தனக்குச் சொந்தம், தான் உழைக்காததிலும் தனக்குப் பங்கு என்கிற ஏற்பாடும், ஒத்துப்போவது ரொம்பக் கஷ்டம். எப்போதும் முடியாது என்று சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் பத்திரத்தை மதிக்க மனசார ஒத்துக்கொண்டால் காவல் தேவையில்லை. அப்படி ஓர் ஊரை நான் பார்த்ததில்லை, என் தொழிலில் பார்க்கவும் வாய்ப்பில்லை. ஒத்துப்போகிற ஊர் வக்கீலிடம் வராது.

மூன்றாவது கேள்வியில் உங்கள் நண்பர்கள் இருவரும் வேறுவேறு முதலாளியை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். ஆள் அம்பு வைத்துக்கொள்ளும் வசதி உள்ளவர், குவாரியோ எஸ்டேட்டோ நடத்துபவர், அரசு போன மறுநாளே காவலுக்கு ஆள் சேர்த்து, அப்புறம் அந்தக் காவலைப் பக்கத்து ஊருக்கும் விற்க ஆரம்பிப்பார். அவர் பாளையக்காரர் ஆகிவிடுவார், முதல் நண்பர் சொன்னது அவருக்குப் பலிக்கும். தன் கடையில் தானே உட்கார்ந்திருக்கும் பாவூர்சத்திரம் காய்கறி வியாபாரி இரண்டிலும் சேர மாட்டார். கொஞ்சம் மாமூல் கூடும் அல்லது குறையும், கடை நடக்கும். இரண்டாவது நண்பர் சொன்னது பலிப்பது நடுவில் இருப்பவருக்கு. சவூதியில் வேலை பார்த்துக்கொண்டு வள்ளியூரில் மனை வாங்கிப் போட்டவர், ரிட்டயர்டு ஆன பிறகு கட்டலாம் என்று பெருமாள்புரத்தில் இடம் வாங்கிய வாத்தியார், எந்தக் கம்பெனியில் எத்தனை பங்கு என்று செல்போனில் மட்டும் பார்க்கும் ஐ.டி. பையன். அரசு வரியை அதிகம் திட்டுபவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான். காவல் வைக்க அவர்களிடம் காசு போதாது, தானே போய் நிற்க நேரமும் இல்லை. அவர்கள் மனையில் முதலில் மாடு கட்டுவார்கள், அப்புறம் ஒரு கூரை வரும். பங்கு வைத்திருப்பவர் எங்கே போய் யாரிடம் கேட்பது என்பது எனக்கும் தெரியவில்லை.